பதினோராவது இடம்

ஸ்ரீ:
டில்லி
3-1-1936

சௌபாக்யவதி வேதவதிக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அண்ணா சௌரிராஜனும் க்ஷேமம். அவ்விடம் நீயும், என் தம்பி வரதுவும், அவன் ஆத்துக்காரி அரவிந்தவல்லியும் க்ஷேமமா? உள்ளே இருக்கிற ஆசாமி உதைக்கிறானா, இல்லை அப்பா மாதிரி சோம்பேறியா?

நாலு நாள் ரயில் கரியைத் தின்றுவிட்டு முந்தாநாள் வந்து இறங்கினேன். என் மூஞ்சியைப் பார்த்து அடையாளம் தெரியாமல் உன் அண்ணா வேறு ஒரு மதராஸியின் கையைப் பிடித்து, "வாங்கோ மாப்பிள்ளே" என்றார். அந்த மனுஷனும் வந்திருப்பான், நான்தான் நடுவில் புகுந்து கெடுத்தேன்.

குளிர் என்றால் நம்மூர் மார்கழி இல்லை, பல் தாளம் போடுகிற குளிர். அண்ணா தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு, திருமண் இட்டுக்கொண்டு தெருவில் போனால் டில்லி நாய்கள் எல்லாம் என்னைத்தான் பார்க்கின்றன.

பன்னிரண்டு வருஷமாய் ஸ்கூலில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு பயல் எழுந்து, "சார், குதுப் மினார் ஏறியிருக்கேளா?" என்றான். "புஸ்தகத்திலே ஏறியிருக்கேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் என்னை இங்கே தள்ளிக்கொண்டு வந்தது. நோட்டில் பதினோரு இடம் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று அப்துல் ரஹீம் என்கிறவருடைய டாங்காக் குதிரைவண்டியில் போய்ச் செங்கோட்டையும் ஜும்மா மசூதியும் பார்த்தாயிற்று. அவருக்கு நான் பேசுகிற இந்துஸ்தானி ஒரு அட்சரம் புரியவில்லை, ஆனாலும் சிநேகமாகிவிட்டோம். குதுப் மினாரைச் சங்கராந்திக்கு அப்புறம் என்று வைத்திருக்கிறேன். நல்ல பக்ஷணத்தைக் கடைசியில்தானே தின்ன வேண்டும்.

பதினோராவது உனக்காக எழுதினது. அது எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

ஹெட்மாஸ்டர் இருபதாம் தேதி வரைதான் லீவு கொடுத்திருக்கிறார். மாசியில் சீமந்தம். உன் பக்கத்தில் உட்கார நான் இல்லாமல் நடக்குமா? முன்னாடியே வந்துவிடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சாரங்கபாணி


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம், வடக்குச் சித்திரை வீதி
10-1-1936

அடியேன் வேதவதி தெண்டன் சமர்ப்பித்த விஞ்ஞாபனம். இவ்விடம் எல்லாரும் க்ஷேமம். தேவரீர் க்ஷேமத்துக்கு எழுதிண்டே இருக்கணும்.

ஏகாதசியன்னிக்குப் பரமபத வாசல் திறக்கறச்சே காலை வைக்க இடமில்லை. தேசமே ஸ்ரீரங்கத்துக்கு வந்துது. ஸ்ரீரங்கத்து வாத்தியார் மாத்திரம் டில்லிக்குப் போயிருக்கார். எதிராத்து மாமி கேட்டா, "பெருமாளை விட்டுட்டுப் பாதுஷாவைச் சேவிக்கப் போயிட்டாரா உங்காத்துக்காரர்?"னு. "பாதுஷா யாரும் உயிரோட இல்லை மாமி, வெறும் கல்லைத்தான் சேவிக்கறார்"னேன். அப்புறம் வாயை மூடிண்டா.

பரிகாசம் இருக்கட்டும். புள்ளைத்தாச்சியோட ஆத்துக்காரன் தூரதேசம் போகப்படாது, மலை ஏறப்படாதுன்னு பெரியவா சொல்லியிருக்கா. போயாச்சு, சரி. குதுப் மினாரைக் கீழே நின்னு பார்த்தாப் போறாதா? அண்ணாந்து பார்த்துட்டு ஏறினேன்னு வகுப்பிலே சொல்லுங்கோ, யார் எண்ணப்போறா?

இன்னொண்ணு. சங்கராந்தி தர்ப்பணத்துக்கு யமுனையிலே முழுக்குப் போடறேன்னு கிளம்பாதேள். உங்களுக்குக் காவேரித் தண்ணியே மார்கழியிலே இருமல் கொடுக்கும். அண்ணாவை வெந்நீர் வெச்சுத் தரச் சொல்லுங்கோ. வெந்நீர்லே குளிச்சாலும் பித்ருக்கள் எள்ளும் தண்ணியும் வாங்கிப்பா.

லேடி டாக்டர் வந்து பார்த்தா. முன்னே ரெண்டு தரம் தங்காமப் போனதாலே ஜாக்கிரதையா இருக்கணுமாம். மனசு அதிரப்படாதாம். மாடிப்படி ஏறப்படாதாம். பார்த்தேளா, எனக்கும் படி கூடாது, உங்களுக்கும் கூடாது.

பதினோராவது இடத்தை மறக்காதேள். நம்ம பெருமாளைத் தேடிண்டு அங்கேருந்து ஓடிவந்த பாதுஷா பொண்ணு, நம்ம துலுக்க நாச்சியார், எந்த அரண்மனை மாடியிலே நின்னாளோ அந்த இடம். தினம் அவளுக்கு ரொட்டி நைவேத்யம் பண்றோமே, பொறந்தாத்து விலாசம் தெரிய வேண்டாமா?

சீக்கிரம் வாங்கோ.

வேதவதி


டில்லி
22-1-1936

சிரஞ்சீவி வரதுவுக்கு சௌரிராஜன் எழுதுவது.

இதைப் பொன்மலை ரயில்வே ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி. ஆத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதே.

உன் அண்ணா நேற்று, செவ்வாய்க்கிழமை விடியற்காலம் போய்விட்டார்.

சங்கராந்தியன்று இருட்டோடு யமுனைக்குக் கிளம்பினார். வெந்நீர் போட்டுத் தருகிறேன் என்று மன்றாடினேன். "புண்ய காலத்துக்கு வெந்நீரா? சௌரி, நீர் டில்லியிலே இருந்து கெட்டுப்போய்விட்டீர்" என்று சிரித்துக்கொண்டே முழுகினார். மூன்று முழுக்கு. கரையேறும்போதே உதடு நீலம். வேதாவின் கடுதாசு அன்று காலைத் தபாலில் வந்திருந்தது. குளித்துவிட்டு வந்துதான் பிரித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மத்தியானம் ஜுரம். டாக்டர் நிமோனியா என்றார். ஏழு நாள்.

நேற்று காலை சீமையில் சக்ரவர்த்தி காலமான செய்தி வந்து ஊரே மூடிக் கிடந்தது. கொடியெல்லாம் அரைக்கம்பத்தில். ஆபீஸ் லீவானதால் மெஸ்ஸில் இருந்த நம்மவர்கள் தூக்குவதற்கு வந்தார்கள். வழியெல்லாம் ஜனங்கள் துக்கமாய் நின்றார்கள். யாருக்கோ நின்றார்கள், நடுவில் மாப்பிள்ளை போனார். அதே யமுனைக் கரையில் முடிந்தது.

தந்தி கொடுக்காததற்கு என்னைத் திட்டாதே. தந்தி வந்தால் வாசலில் வாங்குகிறது வேதா. அவளுக்கு ஆறாம் மாசம். என் கையால் என் தங்கைக்கு அதைச் செய்ய முடியவில்லை. என்ன செய்யலாம் என்று நீ சொல்லு.

சௌரிராஜன்


பொன்மலை
27-1-1936

சௌரிராஜன் ஸ்வாமிக்கு வரது தெண்டன் சமர்ப்பித்த விஞ்ஞாபனம்.

கடுதாசு நேத்து வந்தது. ஆபீஸ் பின்னாடி கரிக்குவியல்கிட்ட நின்னு படிச்சேன். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டேன். மேஸ்திரி காத்தமுத்து தண்ணி கொண்டு வந்து கொடுத்தான். அவன்கிட்டே அண்ணா போயிட்டான்னு சொன்னேன். முதல்லே கேட்டது அவன்தான்.

மன்னிகிட்டே சொல்லலை. சொல்லவும் போறதில்லை. லேடி டாக்டரைப் போய்ப் பார்த்து உண்மையைச் சொன்னேன். "இப்போ சொன்னா ரெண்டு உயிரும் என் கையிலே இல்லை"ன்னு சொல்லிட்டா. அண்ணாவோட வம்சம் அந்த வயத்துலே இருக்கிறதுதான், ஸ்வாமி. சித்திரையிலே பிரசவம். அதுவரைக்கும் மூடிடணும்.

இன்னொண்ணும் இருக்கு. தெரிஞ்சா சும்மா அழவிட மாட்டா. எங்க அத்தைமார் ரெண்டு பேரும் அடுத்த வண்டியே பிடிச்சு வந்துடுவா. பொட்டை அழிச்சு, வளையை உடைச்சு, பிரசவம் ஆனதும் முடியை எடுக்கணும்னு இப்பவே நாள் பார்ப்பா. என் மன்னிக்கு இருபத்திமூணு வயசு.

காரியம் பண்ணாம இருக்க முடியாது. தொட்டியத்துலே ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு நாளைக்குக் கிளம்பறேன். அங்கே காவேரிக் கரையிலே தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர் இருக்கார். அரவிந்தவல்லிக்குச் சொல்லிட்டேன். அவ வாயிலே துணியை அடைச்சுண்டு அழறா.

தேவரீர் ஒரு உபகாரம் பண்ணணும். அண்ணா குதுப் மினார் படியிலே உருண்டு வலது கையும் காலும் ஒடிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதறேன்னு மன்னிக்குக் கடுதாசு போடுங்கோ. அண்ணா நோட்டுலே என்ன இடம் இருக்கோ அதையெல்லாம் அவன் பேசற மாதிரியே எழுதுங்கோ. மன்னி கெட்டிக்காரி. இடத்தைப் பார்க்காம எழுதினா கண்டுபிடிச்சுடுவா.

பாவம்னா என் தலையிலே இருக்கட்டும்.

வரது


ஸ்ரீ:
டில்லி
2-2-1936

வேதவதிக்கு அண்ணா சௌரிராஜன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

பயப்படாமல் படி. மாப்பிள்ளை குதுப் மினார் படியில் சறுக்கி விழுந்ததில் வலது கையிலும் வலது காலிலும் எலும்பு முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டாயிற்று. உயிருக்கு ஒன்றுமில்லை. ரயிலில் உட்கார இரண்டு மூன்று மாசம் ஆகுமாம். ஸ்கூலுக்கு எழுதிவிட்டோம். இனி வருவது அவர் சொல்ல நான் எழுதுவது:

வேதா, நீ ஏறாதே என்றாய், நான் ஏறினேன். பேச்சைக் கேட்காத பையனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. மொத்தம் முந்நூற்றெழுபத்தொன்பது படி. நான் நாற்பதாவதிலேயே உருண்டேன் என்பதை வகுப்பில் சொல்லிவிடாதே. கீழே அகலமாய், மேலே போகப் போக ஒடுங்கி, உடம்பெல்லாம் எழுத்து செதுக்கியிருக்கிறார்கள். மத்தளம் மாதிரி வரிவரியாய் இருக்கிறது. பக்கத்தில் ஒரு இரும்புத் தூண். ஆயிரத்தைந்நூறு வருஷமாய் மழையில் நிற்கிறது, துரு ஏறவில்லை. முதுகைத் தூணில் சாய்த்துக்கொண்டு பின்பக்கமாய்க் கை கோத்துவிட்டால் நினைத்தது நடக்குமாம். எல்லாரும் முயற்சி பண்ணுகிறார்கள். எனக்குக் கை எட்டவில்லை.

கவலைப்படாமல் சாப்பிடு. மாடிப்படி ஏறாதே.

சாரங்கபாணிக்காக,
சௌரிராஜன்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
9-2-1936

அடியேன் வேதவதி தெண்டன் சமர்ப்பித்த விஞ்ஞாபனம். இவ்விடம் க்ஷேமம்.

கடுதாசு வியாழக்கிழமை வந்தது. மூணு நாள் கழிச்சுப் பதில் எழுதறேன். கோவிச்சுக்காதேள், கொஞ்சம் அசதியா இருந்தது.

நான் சொன்னது ஒண்ணாவது காதிலே ஏறித்தா? ஏறாதேள்னேன், ஏறினேள். குளிக்காதேள்னேன், அதையும் பண்ணியிருப்பேள். உங்களை நம்பி ஒரு பொண்ணும் ஒரு குழந்தையும் இருக்குங்கிற நினைப்பே இல்லாம ஒரு மனுஷர் இருப்பாரா? எனக்கு வர கோவத்துக்கு, நேரிலே இருந்தா ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். இப்போ பேசாம இருந்து யாருக்கு என்ன ஆகப் போறது?

சரி. குதுப் மினாரைப் பார்த்துட்டேள். உங்க ஜன்மம் கடைத்தேறித்து. அது போறும்.

வரது ஆபீஸ் வேலையா தொட்டியம் போயிட்டு நேத்துதான் வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருக்கு. பதினைஞ்சு நாளாப் பெருமாள் சேவிக்கப் போகலை, வேலையாம். ஸ்ரீரங்கத்துலே இருந்துண்டு! இந்த ஆத்துலே வெங்காயம் உரிக்கற வழக்கம் கிடையாது, அரவிந்தவல்லிக்கு மாத்திரம் அடுப்பங்கரையிலே எப்பவும் கண்ணு கலங்கியிருக்கு. கேட்டா விறகு ஈரம்கறா. நானும் ஆமாம் ஈரம்தான்னுட்டேன்.

கட்டைப் பிரிச்சப்புறம் கை பழையபடி வருமா? உங்க கையெழுத்தைப் பார்க்கணும்போல இருக்கு. அவசரமில்லை.

அண்ணாவைச் சாப்பிடச் சொல்லுங்கோ. அவன் தனியா இருக்கறவன். நோட்டுலே மிச்சம் இருக்கறதையெல்லாம் ஒண்ணு விடாம எழுதச் சொல்லுங்கோ. படிச்சா நாள் போறது. குழந்தை நன்னா உதைக்கறது.

வேதவதி


டில்லி
16-2-1936

சிரஞ்சீவி வரதுவுக்கு ஆசீர்வாதம்.

வேதாவின் பதில் வந்தது. வழக்கம்போலத் திட்டியிருக்கிறாள். சந்தேகப்படவில்லை, பிழைத்தோம். படித்துவிட்டு மெஸ் மாடியில் போய் நின்றேன். அவள் யாரைத் திட்டுகிறாளோ அவர் திட்டு வாங்க இல்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

நான் இந்த ஊருக்கு வந்து பதினொரு வருஷம். ஆபீஸும் மெஸ்ஸும் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. என் ஆத்துக்காரி இருந்தபோது ஒரு தரம் கேட்டாள், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவளும் போய்விட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மாப்பிள்ளையின் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். வெள்ளைக்காரர்களும் சேட்டுகளும் பெண்டாட்டி குழந்தைகளோடு வேடிக்கை பார்க்க வருகிறார்கள். நடுவில் நான் ஒருவன் பென்சிலும் காகிதமுமாய்ப் படியை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். வரது, டில்லி முழுக்கச் சமாதி, ஒன்றை ஒட்டி ஒன்று. லோதி ராஜாக்கள் சமாதிப் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்து ஜனங்கள் ஆரஞ்சு உரித்துத் தின்கிறார்கள். நான் பார்த்ததை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னை அழைத்துப் போகிறது மாப்பிள்ளையை அழைத்துப் போன அதே அப்துல் ரஹீம். முதல் நாளே கேட்டார், "உங்க பண்டிட்ஜீ எங்கே?" என்று. "ஊருக்குப் போயிட்டார்" என்றேன். "சொல்லிக்காமலா?" என்றார். அவருக்கு அதில் வருத்தம்.

இன்னும் இரண்டு மாசத்துக்கு நோட்டில் இடம் இருக்கிறது. தைரியம்தான் இருக்குமா தெரியவில்லை. வேதாவைப் பார்த்துக்கொள்.

சௌரிராஜன்


ஸ்ரீ:
டில்லி
1-3-1936

வேதவதிக்கு அண்ணா அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். மாப்பிள்ளைக்கு வலி குறைந்திருக்கிறது. கால் கட்டை இன்னும் பிரிக்கவில்லை. சீமந்தத்துக்கு வர முடியாதென்று அவருக்கு ரொம்ப மனக்கஷ்டம். அவர் சொல்வது:

வேதா, நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஹுமாயூன் பாதுஷா சமாதியைக் காட்டினார்கள். நம் ராஜகோபுரம் மொட்டையாய் நிற்கிறதே, அது மாதிரி நாலு சேர்த்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. அந்தப் பாதுஷா தன் புஸ்தகசாலைப் படியில் உருண்டு விழுந்து செத்தாராம். படி என்றால் எனக்கு மட்டும் ஆகாது என்று நினைத்தேன், பாதுஷாவுக்கும் ஆகவில்லை. கட்டினது அவர் பெண்டாட்டி. போன வாரம் துக்ளகாபாத். நாலு கல் சுற்றளவுக்குக் கோட்டை, உள்ளே ஆடு மேய்கிறது. ராஜாக்கள் உயிரோடு இருந்த இடமெல்லாம் இடிந்து கிடக்கிறது. படுத்த இடம் மாத்திரம் கெட்டியாய் இருக்கிறது.

இதையெல்லாம் புள்ளைத்தாச்சிக்கு எழுதாதே என்று உன் அண்ணா முறைக்கிறார். நிறுத்திக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

சாரங்கபாணிக்காக,
சௌரிராஜன்


பொன்மலை
7-4-1936

சௌரிராஜன் ஸ்வாமிக்கு வரது தெண்டன் சமர்ப்பித்த விஞ்ஞாபனம். இவ்விடம் மன்னி சரீர க்ஷேமம். லேடி டாக்டர் குழந்தை நன்னா இருக்குங்கறா.

மன்னி ஒரு மாசமா தேவரீருக்குப் பதில் போடலைன்னு எழுதியிருந்தேள். எனக்கும் பயமாத்தான் இருக்கு. முன்னெல்லாம் தினம் சாயங்காலம் "அண்ணா எப்போ வரார்?"னு கேட்டுண்டே இருப்பா. இப்போ கேக்கறதே இல்லை. சீமந்தம் நடக்கலையேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. பங்குனி உத்தரத்தன்னிக்குக் கோவிலுக்குப் போகணும்னா. நாங்க ரெண்டு பேரும் முழிச்சோம், எங்களுக்குத் தீட்டு வருஷமாச்சே, பண்டிகை உண்டா? "நீங்க வர வேண்டாம், நான் நாச்சியார் சந்நிதிவரைக்கும் போயிட்டு வரேன்"னு தனியாப் போனா.

தினம் தலை நிறைய பூ வெச்சுக்கறா. கல்யாணத்துப் புடவை ஒவ்வொண்ணா எடுத்துக் கட்டிக்கறா. கண்ணாடி வளை ரெண்டு கையும் அடுக்கிண்டிருக்கா. நேத்து அரவிந்தவல்லி தலை பின்னிவிட்டபோது, "இன்னும் ஒரு தரம் அவிழ்த்துப் பின்னு"ன்னு மூணு தரம் பின்னச் சொன்னாளாம். எதிராத்து மாமி, "ஆத்துக்காரன் கால் ஒடிஞ்சு கிடக்கான், இவளுக்கு அலங்காரத்தைப் பாரு"ன்னு வாசலிலேயே சொல்றா. மன்னி கேட்டுண்டு சிரிச்சுட்டு உள்ளே போறா.

தேவரீர் கடுதாசை எல்லாம் அரிசிப் பானைக்குள்ளே வெச்சிருக்கா. இன்னும் ரெண்டு வாரம். அதுவரைக்கும் ரெண்டு வரியாவது எழுதிண்டே இருங்கோ.

வரது


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
26-4-1936

அண்ணாவுக்கு வேதவதி அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் குழந்தையும் க்ஷேமம். சித்திரை பன்னெண்டாம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலம் பிள்ளை பிறந்திருக்கான். நீளமான விரல். அவர் விரல்.

பிரசவத் தீட்டாச்சே, யாரும் கிட்டே வரமாட்டா. அதனாலே எழுதச் சௌகரியமா இருக்கு. மருத்துவச்சி சந்திரம்மாள் கையிலே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போறேன். வரதுவுக்கு இது தெரியாது.

அண்ணா, எனக்குத் தெரியும்.

நீ எழுதின முதல் கடுதாசிலேயே தெரிஞ்சுடுத்து. குதுப் மினார், படி, மாவுக்கட்டு எல்லாம் நன்னாத்தான் எழுதியிருந்தே, அவர் குரலே கேட்டது. ஆனா எனக்குக் கல்யாணம் ஆன நாள் முதலா, எட்டு வருஷமா, நீ எந்தக் கடுதாசு போட்டாலும் 'சௌபாக்யவதி வேதவதிக்கு'ன்னுதான் ஆரம்பிப்பே. பொட்டலம் கட்டின காகிதத்துலே ரெண்டு வரி எழுதினாக்கூட அந்த வார்த்தையை விட்டதில்லை. அன்னிக்கு வெறும் வேதவதிக்குன்னு இருந்தது. மேல் வரியைப் படிச்சேன், அப்படியே மடிச்சு இடுப்பிலே சொருகிண்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படிச்சேன். ஊர் உலகத்துப் பொய்யெல்லாம் சொன்ன உனக்கு அந்த ஒரு பொய்யை எழுதக் கை வரலை. உன் தங்கைக்குத் தெரியாதா உன்னை?

கத்தணும்போல இருந்தது. வயத்தைப் பிடிச்சுண்டேன். முன்னே ரெண்டு போச்சே, இதையும் விட்டுட்டா அவரோடது ஒண்ணுமே மிஞ்சாதேன்னு பல்லைக் கடிச்சுண்டேன். அப்புறம் பார்த்தா வரது எனக்காக நடிக்கறான், அரவிந்தவல்லி எனக்காக நடிக்கறா, நானும் அவாளுக்காக நடிச்சேன். ஒரு கூரைக்குக் கீழே மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திண்டு சாதம் போட்டுண்டு சாப்பிட்டோம். சிரிப்பா வரும் சில நாள்.

அவருக்கு நான் எழுதின பதில் பொய் இல்லை. நிஜமாவே கோவம். யாரைத் திட்டறது? நீ வாங்கிப்பேன்னு தெரியும், அதான் திட்டினேன். அடுத்த கடுதாசுக்குப் பதில் எழுத என்னாலே முடியலை. அந்தப் பாதுஷா பெண்டாட்டி கட்டின சமாதியைப் பத்தி எழுதியிருந்தியே, அவளாவது கட்டினா.

இப்போ கேட்டுக்கோ. நாலாம் தேதி திங்கட்கிழமை தீட்டுக் கழிஞ்சு புண்யாஹவாசனம், நாமகரணம். அன்னிக்குக் குழந்தையை மடியிலே வெச்சுண்டு, பூ வெச்சுண்டு, பொட்டோட நான் உட்காரணும். சீமந்தம்தான் இல்லாமப் போச்சு. என் பிள்ளை முதல் முதல்லே சபையிலே என்னைப் பார்க்கறப்போ சுமங்கலியாப் பார்க்கணும். சாஸ்திரப்படி கேட்ட நாள்லேர்ந்துதான் எனக்குத் தீட்டு. நான் இன்னும் யார் வாயாலேயும் கேக்கலை.

அதனாலே நிஜத்தை எழுதின கடுதாசை நாலாம் தேதிக்கு அப்புறம் வந்து சேர்ற மாதிரி தபாலில் போடு. டில்லித் தபால் நாலு நாள். கணக்குப் பண்ணிப் போடு. அதிலே ரெண்டு விஷயம் மாத்திரம் எழுது. அவர் போன திதி என்ன? என் பிள்ளை வளர்ந்து எள்ளும் தண்ணியும் இறைக்கணும், திதி தெரியாத பிள்ளையா அவன் நிக்கப்படாது. ரெண்டாவது, அவர் குதுப் மினாரைப் பார்த்தாரா? பொய் வேண்டாம்.

அத்தைமார் வருவா. முடியைப் பத்தி என்ன சொல்லணுமோ அதை அப்போ நான் சொல்லிக்கறேன். நீ கவலைப்படாதே. இன்னிக்கும் பின்னிண்டுதான் இருக்கேன்.

பதினோராவது இடத்தைப் பத்தி நீ எழுதவே இல்லையே, ஏன்?

வேதவதி


டில்லி
2-5-1936

வேதவதிக்கு,

யுவ வருஷம், தை மாசம் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை விடியற்காலம், கிருஷ்ண பக்ஷ துவாதசி. என் மடியில் தலை வைத்துப் போனார். கஷ்டப்படவில்லை என்று எழுதலாம். பொய் வேண்டாம் என்றுவிட்டாய். மூச்சுக்குக் கஷ்டப்பட்டார். காரியமெல்லாம் வரது தொட்டியத்தில் குறைவில்லாமல் செய்துவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

குதுப் மினாரை அவர் பார்க்கவில்லை. பதினோரு இடத்தில் அவர் பார்த்தது மூன்று. மற்றதெல்லாம் நான் போய்ப் பார்த்தது.

அந்த வார்த்தையை மூன்று தரம் எழுதினேன் வேதா. மூன்று காகிதத்தையும் கிழித்துவிட்டேன். நீ கவனிக்க மாட்டாய் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

நாச்சியார் அரண்மனையை அவர் ஊரெல்லாம் விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. நோட்டில் பதினொன்றுக்கு எதிரே, ஜுரத்தில் படுத்திருந்தபோது பென்சிலால் எழுதியிருக்கிறார்: "கிடைக்கவில்லை. வேதாவை அழைத்துக்கொண்டு வந்து தேட வேண்டும்." அதனால்தான் அந்த ஒன்றுக்கு மாத்திரம் நான் போகவில்லை. நோட்டைத் தனியாக ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். பிள்ளை படிக்கிற வயசானால் கொடு.

நேற்று அப்துல் ரஹீமிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதார். ஒரு மாசம் லீவு கேட்டிருக்கிறேன். அத்தைமார் வருகிறபோது வாசலில் நானும் வரதுவும் இருப்போம்.

இதைப் படித்தவுடன் குழந்தையை அரவிந்தவல்லி கையில் கொடுத்துவிடு. சாவுச் செய்தி எழுதின இந்தக் காகிதத்தை மற்றதோடு அரிசிப் பானையில் வைக்காதே, கிழித்துப் போடு. கேட்டவுடன் ஸ்நானம் பண்ணியாக வேண்டும், அதை நான் மாற்ற முடியாது. பச்சை உடம்பு. பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. வெந்நீர் போட்டுத் தரச் சொல்லு.

சௌரிராஜன்